உத்தரவு கொடுக்காத கிடாக்கள்

எட்டயபுரத்துக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிற வேலாங்கரிசலில், உடைமரத்து மாடனுக்கு வைகாசி உச்சிக்கொடை என்கிற மத்தியானத் திருவிழா நடந்த ஒரு செவ்வாய்க்கிழமை, ஆவுடைத்தாய் நேர்ந்து கொண்டுவந்த கிடாவின் தலையில் மூன்றாவது தடவையாக மஞ்சள் தண்ணீர் தெளிக்கப்பட்டபோது, அந்தக் கிடா உடம்பைச் சிலிர்க்காமல், தலையை ஆட்டாமல், எதிரே வெட்டருவாளோடு நின்றவரை நிமிர்ந்து பார்த்து, “மாட்டேன்” என்று சொன்னது.

மேளக்காரர்கள் நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் என்ன சொல்லுச்சு என்று கேட்டார்கள், முன்னால் நின்றவர்கள் மாட்டேங்குது என்றார்கள், அவர்கள் அதைத் தங்களுக்குப் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள், இப்படியே செய்தி கடைசியில் பொரிகடலை விற்றுக்கொண்டிருந்தவர் வரைக்கும் போய், மாட்டேன்னா விடவேண்டியதுதானே என்று அவர் சொன்னது அதே வழியில் முன்னால் திரும்பி வந்தது. கிடா எப்படிப் பேசியது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அது சொன்னதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதுதான் எல்லோருக்கும் கவலையாக இருந்தது.

ஏனென்றால் அந்த ஊர் வழக்கம் இப்படி. நேர்ந்த கிடாவை மாடன் முன்னால் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பைக் குலுக்கினால் அதற்குத் துலுக்குவது என்று பெயர். துலுக்கினால் மாடன் உத்தரவு கொடுத்துவிட்டான், கிடாவும் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம், அடுத்த நொடி வெட்டு. மேலே ஈரம் பட்டால் எந்த ஆடும் துலுக்கும் என்பதால் மாடனும் கிடாக்களும் பல தலைமுறைகளாக ஒரே கருத்தோடு இருந்து வந்தார்கள். மூன்று தடவை தெளித்தும் துலுக்காத கிடாவுக்குச் சாமி விட்ட கிடா என்று பெயர். அதை வீட்டுக்குக் கூட்டிப்போய்விட வேண்டும், அப்புறம் எந்தக் காலத்திலும் வெட்டவோ கறிக்கு விற்கவோ கூடாது. அப்படி ஒரு கிடாவை அந்த ஊரில் உயிரோடு இருந்தவர்கள் யாரும் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற பொன்னுலிங்கம் வாத்தியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கிடா சொன்னது தன்மை ஒருமை எதிர்மறை வினைமுற்று, இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் இல்லை என்றார். அதற்குமேல் வழக்கை மாடனிடம்தான் விடவேண்டியிருந்தது. மாடன் அப்போது சொள்ளமுத்துவின் மேல் இறங்கியிருந்தான். சொள்ளமுத்து ஆவுடைத்தாய்க்குக் கூடப்பிறந்த அண்ணன். இடுப்பில் சலங்கை, கையில் வல்லயம் என்கிற ஆள் உயர ஈட்டி, நெற்றியில் திருநீறு, வருஷத்தில் ஒரு நாள் மாடன், மற்ற நாட்களில் உளுந்துக் காட்டுக்குக் களை எடுக்கப் போகிறவர். மாடன் கிடாவைச் சுற்றி மூன்று தடவை வந்தான், கொஞ்ச நேரம் உறுமினான், பிறகு “துலுக்கலேல்லா? கூட்டிட்டுப் போங்கடே” என்று சொல்லிவிட்டு மலையேறிவிட்டான்.

ஆவுடைத்தாய் கிடாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவள் காலில் கண்ணாடி குத்திய புண் ஆறினதற்காக நேர்ந்த கிடா அது. காதோரம் கிழிந்திருந்ததால் மூளிக்காதன் என்று பேர். அவளுக்கு அப்போது முப்பத்தேழு வயது. புருஷன் மும்பைக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது, முதல் இரண்டு வருஷம் போன் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. இருந்தது பதினாலு வெள்ளாடுகள், ஒரு ஓட்டு வீடு, வாயைத் திறந்தால் சண்டை வரும் என்பதால் பெரும்பாலும் திறக்காத வாய். வழியெல்லாம் அவள் கிடாவிடம் ஒன்றும் கேட்கவில்லை, கிடாவும் ஒன்றும் சொல்லவில்லை, ஓடை தாண்டும்போது மட்டும் அவள் குனிந்து அதன் கிழிந்த காதைத் தடவிவிட்டாள்.

மூளிக்காதனுக்கு இனி சாவு பயம் கிடையாது, வேலையும் கிடையாது. ஒரு கிடாவுக்கு இயல்பாகத் தெரிந்த வேலை ஒன்று மட்டும் மீதி இருந்தது, அதை அது தள்ளிப்போடவில்லை. அடுத்த கொடைக்குள் ஆவுடைத்தாயின் பெட்டை ஆடுகளான மறிகள் மட்டுமல்லாமல் தெருவில் இருந்த பாதி மறிகளும் அதன் குட்டிகளைப் போட்டிருந்தன, ஊரில் அதைத் தட்டிக்கேட்க முடியாது, சாமி விட்ட கிடா.

அந்தக் குட்டிகளில் கிடாவாகப் பிறந்தவை கொடைக்கு வந்தபோதுதான் ஊருக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. பன்னிரண்டு கிடா நின்றதில் ஐந்து பேசின. ஐந்தும் ஒரே மாதிரிப் பேசவில்லை. ஒன்று அப்பனைப் போலவே தெளிவாகச் சொல்லி வீட்டுக்குப் போனது. ஒன்று தொண்டைக்குள்ளேயே சொன்னது, மேளச் சத்தத்தில் கேட்கவில்லை, வெட்டிவிட்டார்கள். ஒன்று மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பழக்கதோஷத்தில் துலுக்கியும்விட்டது. சொல்லைப் பார்ப்பதா உடம்பைப் பார்ப்பதா என்று வாத்தியாரும் மாடனும் கால்மணி நேரம் தர்க்கம் பண்ணிக் கடைசியில் உடம்பு ஜெயித்தது. ஒன்று முதல் தெளிப்புக்கே சொல்லிக் கூடுதல் மரியாதையோடு திரும்பியது. ஐந்தாவது, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்க, “சரி” என்றது. அப்படி ஒரு சந்தோஷம் அந்த ஊர் மாடனுக்கு அதுவரை வந்ததில்லை. அந்தக் கிடாவின் கறி தனியாக வேகவைக்கப்பட்டது, வம்சம் அதோடு முடிந்தது.

வருஷங்கள் போயின, குட்டிகள் பிறந்தன, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறு மாதிரிப் பிறந்தது. மாட்டேன் என்பதை இழுத்துச் சொல்வது, வெட்டிச் சொல்வது, திக்கிச் சொல்வது, தூக்கத்தில் மட்டும் சொல்வது. ஒன்று கேட்காமலே பகலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது, முள்ளுக்காட்டில் அந்தச் சத்தத்தை வைத்தே நாய்கள் அதைக் கண்டுபிடித்துத் தின்றன. கொள்கைப் பிடிப்புள்ள ஒரு கிடா மறிகள் பக்கத்தில் வந்தபோதும் மாட்டேன் என்றது; ஊரில் அதற்கு நல்ல மரியாதை இருந்தது, குட்டிதான் இல்லை. மறிகள் மட்டும் வாயைத் திறந்ததில்லை. மறிகளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, ஆகவே கேட்டால் என்ன சொல்லும் என்றும் தெரியாது.

ஆறாவது கொடையில் முப்பத்தொரு கிடா நின்றன. முப்பத்தொன்றும் மாட்டேன் என்றன.

இதற்குள் ஊர் இதற்குப் பழகிவிட்டது. டீக்கடையில் கடன் கேட்டவனிடம் கடைக்காரர் ஆட்டுக்குரலில் பதில் சொன்னார். தேர்தலுக்கு வந்தவர்கள் ஊர் எல்லையில் மேயும் ஆடுகளிடம் மைக்கை நீட்டாமல் ஜாக்கிரதையாகக் கடந்துபோனார்கள். தாய் ஆடுகள் காதோடு காதாகக் குட்டிகளுக்குச் சொல்லிக்கொடுக்கின்றன என்று பெண்கள் சொன்னார்கள்; உயிர்மேல் ஆசை வந்தால் பேச்சும் வரும், கிடா முக்கி முக்கி வரவழைத்திருக்கும் என்று ஆண்கள் சொன்னார்கள். கால்நடை டாக்டர் எஸ்தர்ராணி ஒரு நாள் ஸ்கூட்டியில் வந்து இறங்கி, ஆவுடைத்தாயின் கிடாக்களின் நாக்கையும் தொண்டையையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எப்படிப் பழக்குனீங்க என்று கேட்டாள்.

“நான் என்னத்தப் பழக்க?” என்றாள் ஆவுடைத்தாய். “தாய் செத்த குட்டி ரெண்டு, நான் புட்டிப்பால் குடுத்து வளத்தேன். அதுவும் சொல்லுது. யாரு போய் அதுக்குச் சொல்லிக் குடுத்தா? சொன்னது வீட்டுக்கு வந்துச்சு, சொல்லாதது கொழம்புக்குப் போச்சு. வீட்டுக்கு வந்ததுக்கு வம்சம் இருக்கு. கொழம்புக்குப் போனதுக்கு எலும்புதான் இருக்கு. அம்புட்டுத்தான் தாயி.”

எஸ்தர்ராணி இதே விஷயத்தை ஐந்து வருஷம் படம் போட்டுப் படித்திருந்தாள். கையில் இருந்த தெர்மாமீட்டரைப் பைக்குள் போட்டாள். பிறகு, முதல் கிடா மட்டும் ஏன் சொல்லிச்சு என்று கேட்டாள்.

“அது தெரியாது. பொறக்கறது எப்படியும் பொறக்கும். ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை, ஒண்ணுக்கு ஆறு விரல். அது மாதிரி இது ஒண்ணு.”

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டு, குடற்புழுவுக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

இந்த விஷயத்தில் ஒரு பிழைப்பு இருக்கிறது என்று கண்டுகொண்டவர் தங்கப்பழம். பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கருப்பட்டியும் புண்ணாக்கும் வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்த அவர், நேர்த்திக்கடன் வைத்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கிடாவை விட மனசில்லை என்பதை அறிந்தவர். மாட்டேன் என்று சொல்லுகிற கிடாவைக் கொடைக்குக் கொண்டுபோனால் நேர்ந்ததும் ஆச்சு, கிடாவும் வீட்டுக்கு வந்தாச்சு. தகரக் கொட்டகை போட்டார். மூளிக்காதனின் பேரன்களில் தொண்டை பெரிசாக இருந்த ஒரே ஒரு கிடாவை வாங்கினார், அதற்குப் பிறந்தவற்றில் சத்தம் தெளிவாக இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கறிக்குத் தள்ளினார், அண்ணனையும் தங்கச்சியையும் சேர்த்தே குட்டி எடுத்தார். மூன்றே வருஷத்தில் இருநூறு கிடாக்கள், எல்லாம் ஒரே உயரம், ஒரே கறுப்பு, ஒரே குரல். காலையில் கொட்டகைக் கதவைத் திறந்தால் இருநூறு வாயும் ஒரே நேரத்தில் மாட்டேன் என்று சொல்லும், புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கதவை மூடிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள்.

அவர் ஆவுடைத்தாயிடமும் சொல்லிப் பார்த்தார். திக்குவாயையும் ஊமையையும் எதற்கு வைத்துத் தீவனம் போடுகிறாய், விருத்திக்கு ஆகுமா என்று கேட்டார். அவளிடம் அப்போது நாற்பத்திமூன்று உருப்படி இருந்தன, அதில் பத்துப் பன்னிரண்டு எதற்கும் ஆகாதவை. கொடைக்குக் கொண்டுபோகப் பயந்து அவள் வீட்டிலேயே ஒளித்து வளர்த்தவை. பேசத் தெரியாததால் மட்டும் சாக வேண்டுமா என்று அவளுக்குத் தோன்றியவை. மா என்று ஆரம்பித்து அதிலேயே நிற்கிற ஒன்று, காது கேட்காத ஒன்று, தண்ணீரைக் கொட்டினாலும் என்ன நடந்தது என்று புரியாமல் கல் மாதிரி நிற்கிற மந்தம் ஒன்று. “இருந்துட்டுப் போகுது அண்ணாச்சி” என்று மட்டும் அவள் சொன்னாள்.

இதிலெல்லாம் ஊருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. நஷ்டம் மாடனுக்கு. சந்தையில் வாங்கிய கிடா அவனுக்கு ஆகாது, வேலாங்கரிசல் மண்ணில் பிறந்து வேலாங்கரிசல் முள்ளில் மேய்ந்ததுதான் வேண்டும்; அதுவோ வருஷா வருஷம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்கிறது. அவியலும் சாம்பாருமாகக் கொடை நடந்தது. இரண்டு வருஷம் தொடர்ந்து மழை பொய்த்தது. பட்டினி கிடக்கிற சாமிக்கு மழையைக் கொண்டுவர எங்கே தெம்பு இருக்கும் என்று பேச்சு வந்தது, அந்தப் பேச்சு மெதுவாகச் சாமியிலிருந்து சாமியாடிக்கு நகர்ந்தது. ஆடுகூட மதிக்காத சாமி, அதைத் தூக்கிக்கொண்டு ஆடுகிற சொள்ளமுத்து. களை எடுக்கப்போன இடத்தில் பெண்கள் அவர் காதில் விழும்படி ஆட்டுக்குரலில் பேசினார்கள். மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம், மாப்பிள்ளை வீட்டார் கேலிக்குப் பயந்ததால் தள்ளிப்போனது. அவர் மெலிந்துபோனார், சலங்கை இடுப்பில் நிற்காமல் நழுவியது.

ஒன்பதாவது கொடைக்கு முந்தின வாரம் அவர் தங்கச்சி வீட்டுக்கு வந்து, இந்த வருஷம் மூளிக்காதனைக் கொண்டுவா என்றார். சாமி விட்ட கிடாவை எதற்கு என்று அவள் கேட்டாள். மாடன் பேசணும்னு நெனைக்கான் என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

உச்சி வெயிலில் மாடன் இறங்கினான். முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் இறங்கினான், வல்லயத்தைத் தரையில் குத்தினான், “இனிமே வாயைத் தொறந்தா அதுதான் உத்தரவு” என்றான். என்னிடம் பதில் பேசுகிற ஆடு என்னைச் சாமி என்று ஒத்துக்கொண்ட ஆடு, ஒத்துக்கொண்டதற்குப் பேர்தான் சம்மதம், பேசினதை வெட்டு, பேசாததை விடு, முன்னால் விட்ட கிடாக்களுக்கும் இதுதான். கூட்டம் ஒரு நிமிஷம் அதை மனசில் ஓட்டிப் பார்த்தது, மூன்று வருஷத்துப் பசி எல்லோருக்கும் இருந்தது, சரிதான் என்றது.

முதலில் மூளிக்காதன். கிழடாகி, தாடி நரைத்து, பல் போய், கொம்பின் நுனி தேய்ந்திருந்தது. மஞ்சள் தண்ணீர் விழுந்ததும் அது பழையபடியே நிமிர்ந்து பார்த்து, பழையபடியே தெளிவாக, மாட்டேன் என்றது. அந்தச் சொல்லைத் தவிர அதனிடம் வேறு சொல் இருக்கவில்லை. ஆவுடைத்தாய் கண்ணை மூடவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அவளுடையதில் பத்தொன்பது போனது, தங்கப்பழத்தினுடையதில் நாற்பது. தண்டோரா போட்ட மாதிரி புது விதி சுற்றுவட்டாரமெல்லாம் பரவியது, எந்த ஊர்ச் சாமியும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, இரண்டு கொடை முடிந்தபோது தங்கப்பழத்தின் தகரக் கொட்டகையில் ஒரு குரல்கூட மிச்சமில்லை. இருநூறில் ஒன்றாவது வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். எல்லாம் ஒரே கிடாவின் வாய், ஒன்றுக்குத் தெரியாதது மற்றதுக்கும் தெரியாது. அவர் கொட்டகையில் மறுபடி புண்ணாக்கை அடுக்கினார். அது காலையில் ஒன்றும் சொல்லாமல் இருப்பது அவருக்குக் கொஞ்ச நாள் சங்கடமாக இருந்தது.

மூளிக்காதனை வெட்டிய கொடையின் கறி பனையோலையில் கட்டி ஆவுடைத்தாய் வீட்டுக்கும் வந்தது. அவள் அதை அண்ணன் வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினாள், அதற்கப்புறம் நாலு வருஷம் அந்த வாசலை மிதிக்கவில்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்குக்கூடப் பந்தலுக்கு வெளியே நின்று பெண்ணின் தலையில் அரிசி போட்டுவிட்டு வந்துவிட்டாள். சொள்ளமுத்துவும் கூப்பிடவில்லை. மழை அந்த வருஷம் பெய்தது, அதற்கு அடுத்த வருஷம் பெய்யவில்லை.

அவளிடம் மிஞ்சியவை யாருக்கும் வேண்டாதவைதான். திக்குவாய், செவிடு, மந்தம், அவற்றோடு மறிகள். முள்ளுக்காட்டில் அவற்றை மேயவிட்டுவிட்டு அவள் ஒரு உடைமரத்து நிழலில் உட்கார்ந்திருப்பாள், ஒன்பது வருஷமாகச் சளசளவென்று இருந்த மந்தை இப்போது மெல்லுகிற சத்தம் மட்டும் போட்டுக்கொண்டு நகரும், அது அவளுக்கு அழுகை வரவைக்கும். ஆனால் குட்டிகள் பிறந்தன. மந்தத்தின் குட்டிகள் நிறைய. ஒன்றிரண்டு பேசின, பேசினவை கொடைக்குப் போய்த் திரும்பி வரவில்லை. ஒன்றிரண்டு பழைய காலத்து ஆடுகள் மாதிரி ஈரம் பட்டதும் துலுக்கின, அவையும் வரவில்லை, ஏனென்றால் துலுக்கினால் வெட்டு என்ற பழைய விதியை யாரும் எடுத்துவிடவில்லை. இரண்டும் செய்யாமல் நின்றவை வந்தன. ஊரில் இருந்த ஆடெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அவற்றின் வம்சமாக ஆயின.

பதிமூன்றாவது கொடையில் மாடன் முன்னால் இருபத்திரண்டு கிடா நின்றன. மஞ்சள் தண்ணீர் தெளிக்கப்பட்டது. ஒன்றும் அசையவில்லை. மூன்று தடவைக்குப் பதிலாகப் பதிமூன்று தடவை தெளித்தார்கள், காதில் ஊதினார்கள், வாலைத் திருகினார்கள், பேசு பேசு என்று கெஞ்சினார்கள். இருபத்திரண்டு கிடாவும் நனைந்த கல்லாக நின்று தூரத்தில் எதையோ பார்த்தன. மேளக்காரர்கள் கை சோர்ந்து உட்கார்ந்தார்கள். சமையல் பந்தலில் மசாலா அரைத்து வைத்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தரிக்காயை நறுக்க ஆரம்பித்தார்கள். கூட்டத்தில் எங்கிருந்தோ ஒருத்தர் ஆட்டுக்குரலில் கனைத்தார், நாலு பேர் சிரித்தார்கள்.

சொள்ளமுத்துவின் மேல் இருந்த மாடன் அந்தச் சிரிப்பைக் கேட்டான். வல்லயத்தை ஓங்கித் தரையில் குத்தி, சும்மா நின்றாலும் சம்மதம்தான், வெட்டு என்றான்.

அருவாளோடு நின்றவர் முதல் கிடாவின் பக்கம் போனார். அது மந்தத்தின் பேரன். அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆவுடைத்தாய் கயிற்றை விடவில்லை.

“கொஞ்சம் நில்லும்” என்று அவரிடம் சொல்லிவிட்டு, நாலு வருஷத்துக்கு அப்புறம் அவள் அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசினாள். “துலுக்குனா வெட்டுன்னீரு. சரி. பேசுனா வெட்டுன்னீரு. அதுக்கும் ஊரு தலைய ஆட்டுச்சு. இப்போ சும்மா நின்னாலும் வெட்டா? அப்புறம் எதுக்குத் தண்ணி தெளிக்கீரு? நேரா வெட்டிட்டுப் போக வேண்டியதுதானே. கேக்குத மாதிரி எதுக்குக் கேக்கீரு?”

மாடன் உறுமினான். உறுமல்தான் இரண்டாவது தடவையும் வந்தது.

அவள் கீழே இருந்த மஞ்சள் தண்ணீர்ப் பானையைத் தூக்கினாள், யாரும் தடுப்பதற்குள் அதை அப்படியே அண்ணன் தலையில் கவிழ்த்தாள்.

கிணற்றுத் தண்ணீர், உச்சி வெயிலில் சூடேறிய உடம்பு. சொள்ளமுத்து உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் துலுக்கினார். சலங்கை அத்தனையும் ஒன்றாகக் கலகலத்தது, மஞ்சள் துளிகள் முன்வரிசையின் முகத்தில் தெறித்தன, அப்படி ஒரு சுத்தமான துலுக்கலை அந்த ஊர் பதிமூன்று வருஷமாகப் பார்க்கவில்லை. அருவாளோடு நின்றவருக்கு இருபது வருஷப் பழக்கம். சலங்கைச் சத்தத்தைக் கேட்டதும் அவருடைய கால் தானாக ஒரு எட்டு முன்னால் வந்தது. அப்புறம்தான் எதிரே நிற்பது யார் என்று பார்த்து நின்றார்.

அந்த ஒரு எட்டைச் சொள்ளமுத்து பார்த்துவிட்டார். மாடன் எப்போது மலையேறிப் போனான் என்று யாருக்கும் தெரியாது. ஈரவேட்டி தொடையில் ஒட்ட, திருநீறு கரைந்து கண்ணில் வழிய, ஐம்பத்திரண்டு வயது மனுஷர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கூட்டம் காத்திருந்தது. என்ன சாமி உத்தரவு என்று வழக்கப்படி யாரோ கேட்டார்கள்.

“மாட்டேன்” என்றார் சொள்ளமுத்து.

சின்னக் குரல்தான். ஆனாலும் பின்வரிசை வரைக்கும் கேட்டது, யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இப்போது எந்த விதி செல்லும் என்று கூட்டம் பொன்னுலிங்கம் வாத்தியாரைப் பார்த்தது. துலுக்கியிருக்கிறார், பழைய விதிப்படி வெட்டு. பேசியிருக்கிறார், புது விதிப்படியும் வெட்டு. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார், பிறகு கத்தரிக்காய் வெந்திருக்கும் வாருங்கள் என்று பந்தலைப் பார்த்து நடந்தார். அருவாள்காரர் அருவாளைக் கீழே வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சொள்ளமுத்துவின் தலையைத் துவட்டிவிட்டார். ஆவுடைத்தாய் கையில் காலிப்பானையோடு நின்றாள். சொள்ளமுத்து அவளிடம் வந்து பானையை வாங்கிக்கொண்டார்.

“சளி பிடிக்கப் போகுதுட்டி” என்றார்.

“சுக்கு தட்டித் தாரேன், வீட்டுக்கு வாரும்” என்றாள் அவள்.

இதனால் வேலாங்கரிசல் சைவமாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து கறி வருகிறது, வெளியூர் ஆடு, அதனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, ஊர் மனசாட்சிக்கு அது வசதியாக இருக்கிறது. மாடனுக்கு இப்போது சேவல். சேவல்கள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கொடை அன்று காலையில் அவை கூவுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிப்பதாக எஸ்தர்ராணி குறித்து வைத்திருக்கிறாள்.

கேட்பார் இல்லாமல் போனதும் ஊர் ஆடுகள் மறுபடி இஷ்டத்துக்குப் பிறந்தன. துலுக்குகிறது, துலுக்காதது, பேசுகிறது, திக்குகிறது, ஒன்றும் இல்லாதது எல்லாம் ஒரே மந்தையில் மேய்ந்தன. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சரி என்று சொல்லுகிற ஒரு குட்டிகூடப் பிறந்தது. அதை எல்லோரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஏதாவது கேட்பார்கள், அது எதற்கும் சரி என்னும், அதன் வம்சம் நன்றாகத்தான் பெருகுகிறது. ஆவுடைத்தாயிடம் இப்போது அறுபது உருப்படி.

பிறகு நாலுவழிச் சாலை வந்தது. மேய்ச்சல் காடு அந்தப் பக்கம், ஊர் இந்தப் பக்கம். முதல் மாசத்திலேயே ஏழு ஆடுகள் லாரியில் அடிபட்டன. தினம் இரண்டு தடவை ஆவுடைத்தாய் கம்போடு ரோட்டோரம் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மந்தையைக் கடத்துவாள். சத்தத்தைக் கேட்டு உறைந்து நிற்கிறவை சாகின்றன, சிதறி ஓடுகிறவை சாகின்றன, ஓரத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கிற குட்டிகள் இரண்டு இந்த வருஷம் பிறந்திருக்கின்றன. பத்து வருஷம் போனால் எல்லாம் அப்படி ஆகிவிடும் என்று எஸ்தர்ராணி ஆறுதல் சொன்னாள். அதுவரைக்கும் சாகப்போவதை யார் எண்ணுவது என்று ஆவுடைத்தாய் கேட்டாள்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த சொள்ளமுத்து அடுத்த நாள் காலையில் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். சலங்கையைக் கட்டினார், திருநீற்றை அள்ளிப் பூசினார், வல்லயத்தை எடுத்துக்கொண்டு போய் நாலுவழிச் சாலையின் நட்டநடுவில் நின்று, தூத்துக்குடிக்குக் கரி ஏற்றப்போன லாரியைப் பார்த்துக் கையைத் தூக்கினார். டிரைவர் பிரேக்கை மிதித்த சத்தம் ஊர் வரைக்கும் கேட்டது. அந்த ரோட்டில் போகிற டிரைவர்களுக்கு இப்போது பழகிவிட்டது, தூரத்தில் சலங்கை தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து, சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, வண்டியை அணைத்துவிட்டு இறங்கிப் போய்ப் புளியமரத்தடியில் ஒண்ணுக்கு இருந்துவிட்டு வருகிறார்கள். இந்தப் பக்கம் இருபது லாரி, அந்தப் பக்கம் பஸ், கார், ஒரு வைக்கோல் வண்டி. நடுவில் ஆவுடைத்தாயின் மந்தை நிதானமாகப் போகிறது, நெட்டையும் குட்டையும், திக்குவாயும் செவிடும். நேற்றுக் காலையில் எல்லாம் கடந்த பிறகு பிறந்து பத்து நாளான ஒரு குட்டி மட்டும் நடுரோட்டில் நின்று, வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்த ஒரு கற்றையை மோந்து பார்த்தது, பிடித்துப்போய்த் தின்ன ஆரம்பித்தது. பின்னால் இருந்த பஸ்காரர் ஹாரன் அடித்தார். சொள்ளமுத்து அவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ஹாரன் நின்றது. தூக்கிய கையைக் கீழே விடாமல் அவர் நின்றுகொண்டிருந்தார், வெயில் ஏறியது, குட்டி தின்று முடிக்கட்டும் என்று நாலு வழியும் காத்திருந்தது.